மூன்று அணி கழற்றிவிட்ட ஆண்டர்சன், கர்லிக்கு மாற்றா?

கேள்வி: "ராம்ஸ் இன்றைக்கு சி.ஜே. ஆண்டர்சனை எடுத்திருக்கிறார்கள். கர்லிக்கு முட்டி சரியில்லையாம். இந்த ஆள் தேறுவாரா? ஃபேன்டசியில் எடுத்து வைக்கலாமா?"

2018 டிசம்பர் 18, செவ்வாய் இரவு

தேறமாட்டார். (புதிதாக வருபவர்களுக்கு: பேச்சு அமெரிக்கக் கால்பந்து. ராம்ஸ் எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் அணி. கர்லி அதன் முதல் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். ஃபேன்டசி என்பது நிஜ ஆட்டக்காரர்களை நம் அணிக்குத் தேர்ந்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு.) ஏப்ரலில் டென்வர் விட்டது, நவம்பரில் கரோலினா விட்டது, இந்த மாதம் ஓக்லாந்து எடுத்து, ஒரு ஆட்டத்தில்கூட இறக்காமல் திருப்பி அனுப்பியது. ஒரே ஆண்டில் மூன்று அணி வேண்டாம் என்று சொன்ன ஆளை நாலாவது அணி கூப்பிடுகிறது என்றால் அது நம்பிக்கை இல்லை, ஆள் பஞ்சம். மாற்று ரன்னிங் பேக் மால்கம் பிரவுனுக்குக் காறையெலும்பில் அடி. ஜஸ்டின் டேவிஸ், ஜான் கெல்லி இருவரும் பொடியன்கள். பெஞ்சில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான்.

கரோலினாவில் ஒன்பது ஆட்டத்தில் மொத்தமே 24 முறை பந்தை வாங்கினார், 104 யார்டு. உடம்பைப் பாருங்கள், ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு அந்த அகலம். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி முடித்துக் கை கழுவ நிற்பவர் மாதிரி இருக்கிறார். ஃபேன்டசியில் எல்லாம் எடுக்காதீர்கள், இடம்தான் வீண்.

டிசம்பர் 19

நேற்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். 24 முறை என்று நக்கலாக எழுதினேனே, அங்கே கிறிஸ்டியன் மெக்காஃப்ரி மைதானத்தை விட்டு வெளியே வந்தால்தானே இவருக்குப் பந்து? தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வராத ஆளுக்குப் பின்னால் நிற்பவரை எண்ணிக்கையால் எடை போடுவது அநியாயம். கிடைத்த 24-லும் சராசரி நாலு யார்டுக்கு மேல். மோசமில்லை.

டென்வர் கதையும் இருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2013-இல் யாருமே பெயரைச் சொல்லாத ஆள். 2015 நவம்பரில் பனி கொட்டும்போது பேட்ரியட்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 48 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தாரே, அவர்தான் இவர். அதே சீசன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 50-இல் 23 முறை ஓடி 90 யார்டு, ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது). போன ஆண்டுகூட 1,007 யார்டு. ஆயிரம் யார்டு எடுத்த கையோடு வெளியே அனுப்பினார்கள்.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. காரணம் ஓட்டம் இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வீசப் பின்வாங்கும்போது எதிரணியில் ஒருவன் கூடுதலாகப் பாய்ந்து வருவான். அவன் எந்தச் சந்திலிருந்து வருகிறான் என்று பார்த்து மறித்து நிற்பது ரன்னிங் பேக்கின் வேலை. பயிற்சியாளர் மெக்வே அணியில் ஒவ்வொரு ஆட்ட அமைப்புக்கும் அதற்கென்று தனிக் கூப்பாடு, தனிப் பொறுப்பு. இதையெல்லாம் ஐந்து நாளில் படித்து நம் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபைக் காப்பாற்ற முடியுமா? ஒரு முறை தவறினாலும் காஃப் மல்லாந்துவிடுவார். பயிற்சியாளர் அப்புறம் ஆளை இறக்கமாட்டார்.

டிசம்பர் 21

யாரோ 4.5 கோடி டாலர் உத்தரவாதத்தை நினைவுபடுத்தினார்கள். ஆமாம், இந்த ஜூலையில்தான் கர்லிக்கு அப்படி ஒப்பந்தம் போட்டார்கள். அவ்வளவு கொடுத்தவரை முட்டியில் வீக்கம் என்று உட்கார வைப்பார்களா? ஞாயிறு ஆடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 23, மதியம் 12 மணி

இறங்காதவர் பட்டியலில் கர்லி.

என் ஃபேன்டசி அணியின் முதல் தேர்வு கர்லி. இன்றைக்கு எங்கள் எட்டுப் பேர் லீக்கின் இறுதி ஆட்டம். எதிரே நிற்பவர் யார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை இங்கே வந்து அப்பாவியாக "இந்த ஆள் தேறுவாரா" என்று கேட்டாரே, அதே மனிதர். இப்போதுதான் அவர் அணியைத் திறந்து பார்த்தேன். புதன் விடியற்காலையிலேயே ஆண்டர்சனை எடுத்து வைத்திருக்கிறார். அண்ணே, நீங்கள் கேட்டது சந்தேகம் இல்லை, வேவு.

டிசம்பர் 23, மாலை

20 முறை. 167 யார்டு. ஒரு டச்டவுன். அரிசோனாவை 31-9 என்று அடித்துவிட்டார்கள்.

ஓட்டத்தில் மட்டுமே அவருக்கு 22 புள்ளிக்கு மேல். நான் தோற்றது 11 புள்ளியில். கர்லி இடத்தில் நான் போட்ட ஆளின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. பந்தயப்படி கேட்டவருக்கு ஆர்ட்டீசியாவின் இந்தியக் கடைத்தெருவில் நெய் ரோஸ்ட் வாங்கித்தர வேண்டும்.

டிசம்பர் 24

ஆற்றாமையில் நேற்று இரவு ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஓட்டத்தை எத்தனை தடவை பார்ப்பீர்கள் மாமா" என்று தூங்கிப் போனான்.

பார்த்ததைச் சொல்கிறேன். ராம்ஸ் அடிக்கடி ஆடும் ஓட்டத்தில் முன்வரிசை ஐந்து பேரும் ஒரே பக்கமாகச் சரிவார்கள், சாக்கடையை ஒட்டி மாடுகள் வரிசையாகப் போவது மாதிரி. ரன்னிங் பேக் அவர்களோடு பக்கவாட்டில் இரண்டு, மூன்று எட்டு வைத்து, சந்து தெரிந்ததும் ஒரு காலை ஊன்றி ஒரே வெட்டாக உள்ளே போக வேண்டும். ஓரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் வேகம் கர்லிக்கு உண்டு, ஆண்டர்சனுக்குக் கிடையாது. அதனால் இவர் ஓரத்துக்கு ஆசைப்படவே இல்லை. மூன்றாவது எட்டிலேயே முடிவு. இடுப்பைத் தாழ்த்தி, தோளை முன்னால் விட்டு உள்ளே நுழைகிறார். முதலில் வந்து மோதுகிறவனுக்குப் பிடிக்க உடம்பே கிடைப்பதில்லை, தோளும் தொடையும்தான். விழும்போதும் முன்பக்கமாகவே விழுகிறார். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தக் கடைசி இரண்டு யார்டு இலவசம்.

நான் நக்கலடித்த அந்த அகலம்தான் இதைச் செய்கிறது. கை கழுவ நிற்பவர் என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

காஃபைக் காப்பாற்றுவாரா என்று கவலைப்பட்டேனே, அதிலும் பழுது சொல்ல முடியவில்லை. டென்வரில் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் பின்னால் நின்றவர். தனக்காக மறிக்கத் தெரியாத ஆளை மேனிங் ஒரு தொடருக்கு மேல் பக்கத்தில் வைத்திருப்பாரா? இது செவ்வாய்க்கிழமையே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டிசம்பர் 27

ஆனால் ஒன்று. அரிசோனா என்ன பெரிய மலையா? இந்த ஆண்டு ஓட்டத்தைத் தடுப்பதில் அவர்கள் படுமோசம். ஒரு ஆட்டத்தை வைத்துச் சிலை எழுப்ப வேண்டாம். கேட்டவர் நெய் ரோஸ்ட் படம் போட்டு வெறுப்பேற்றுவதையும் நிறுத்தலாம்.

டிசம்பர் 30

சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸுக்கு எதிராக 23 முறை, 132 யார்டு, ஒரு டச்டவுன். 48-32. சரி.

இரண்டு ஆட்டம் சேர்த்து 43 முறை, 299 யார்டு. கிட்டத்தட்ட ஏழு யார்டு சராசரி. வீட்டில் சோபாவில் கிடந்த மனிதர்.

2019 ஜனவரி 3

இப்போது எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். "கர்லியை விற்றுவிடலாம், ஆண்டர்சன் போதும்" என்று ஒருவர். அடப்பாவி, கர்லி இந்த சீசனில் 14 ஆட்டத்தில் 1,251 யார்டு ஓடி, 21 டச்டவுன் போட்டிருக்கிறார்.

ஏழு யார்டில் ஆண்டர்சனுடையது எத்தனை, மற்றவர்களுடையது எத்தனை என்று பிரிக்க வேண்டும். பிரிக்க உட்கார்ந்தால் முதலில் நிற்பது முன்வரிசை. விட்வொர்த், சாஃபோல்ட், சல்லிவன், பிளைத், ஹேவன்ஸ்டைன். இந்த ஐந்து பேரும் 16 ஆட்டத்தையும் ஒன்றாகவே தொடங்கியிருக்கிறார்கள். விட்வொர்த்துக்கு டிசம்பரில் 37 வயது முடிந்தது. ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கால் சுளுக்காமல் ஒரு சீசன் போவது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? ஐந்து பேர் ஒன்றாகச் சரியும் ஓட்டத்தில் பழக்கம்தான் பாதி பலம்.

அடுத்தது மெக்வேயின் அமைப்பு. பெரும்பாலும் மூன்று ரிசீவர்கள், அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள். அவர்களைக் காவல் காக்க எதிரணி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும், நடுவில் கூட்டம் குறையும். கரோலினாவில் இவருக்கு இப்படி ஒரு காலி இடம் எங்கே கிடைத்தது? அப்புறம் கால். நவம்பரிலிருந்து அடிபடாத கால். டிசம்பரில் மற்றவர்கள் நொண்டிக்கொண்டு வரும்போது இவர் செப்டம்பர் மாதத்துக் காலோடு வருகிறார்.

இத்தனையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு? அந்தக் கடைசி இரண்டு யார்டு அவருடையதுதான். அதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, விடியற்காலை

மைதானத்திலிருந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். குரல் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

தோற்றால் வெளியே போகும் பிளே ஆஃப் ஆட்டம். கொலீசியத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் ரசிகர்கள் எங்கள் ஆட்களுக்குச் சமமாக இருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே நாங்கள் மூன்று பேர், அவர்கள் ஆறு பேர். என் முன்னால் நட்சத்திரத் தொப்பி போட்ட ஒரு தாத்தா. முதல் பாதியில் ஆண்டர்சன் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்த்து, "யார் இந்த ஆள்?" என்பார். நாலாவது முறை நானே முந்திக்கொண்டு, "எனக்கும் தெரியாது, நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆண்டர்சன் 23 முறை 123 யார்டு, இரண்டு டச்டவுன். கர்லி 16 முறை 115 யார்டு, ஒன்று. இருவரும் நூறைத் தாண்டினார்கள். அணி மொத்தம் 273 யார்டு ஓடியிருக்கிறது. எதிரே அவர்கள் ரன்னிங் பேக் எலியட் 47-இல் நின்றுவிட்டார். 30-22.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரு யார்டு. மெக்வே உதைக்கப் போகவில்லை. எழுந்து நின்றவர்களின் தலைகளுக்கு நடுவே எனக்கு ஓர் ஆள் அகலத்துக்குத்தான் இடைவெளி. ஸ்நாப், பந்து பின்னால் வந்தது. முன்வரிசை அப்படியே ஒரு சுவர் சாய்வது மாதிரி முன்னால் போனது. ஆண்டர்சன் எங்கே என்றே தெரியவில்லை, குள்ளம் வேறு. அப்புறம் குவியலின் அந்தப் பக்கத்தில் ஒரு தலைக்கவசம் எழுந்தது. தாத்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நேரில் பார்த்தபோது டிவியில் தெரியாத ஒன்று தெரிந்தது. இருவரும் மாறி மாறி வரும்போது எதிரணி ஆட்கள் மூச்சு வாங்கும் விதமே மாறுகிறது. கர்லி வந்தால் ஓரத்துக்கு ஓட வேண்டும், ஆண்டர்சன் வந்தால் நடுவில் அடி வாங்க வேண்டும். மூன்றாம் கால்பகுதியில் கவ்பாய்ஸ் முன்வரிசை ஆட்கள் முட்டியில் கை ஊன்றி நின்றார்கள்.

ஜனவரி 14

திருத்தம்: எங்கள் வரிசையில் ஆறு பேர் இல்லையாம், எட்டுப் பேராம். கூட வந்த மைத்துனன் எண்ணியிருக்கிறான். தூங்காமல் பார்த்த முதல் ஆட்டம் அவனுக்கு.

ஜனவரி 20

சூப்பர் பவுலுக்குப் போகிறோம்! நம் உதைப்பவர் சூர்லைன் 57 யார்டிலிருந்து உதைத்தாரே, அந்தப் பந்து இன்னும் என் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஆள் செய்த தப்புக்கு நடுவர் ஊதாத விசில் பற்றி, தோற்ற செயின்ட்ஸ் ரசிகர்கள் என்னிடம் வர வேண்டாம். ஆமாம், ஊதியிருக்க வேண்டும். போதுமா?

ஆண்டர்சன் 16 முறை, 44 யார்டு. மூன்றுகூட வரவில்லை. கர்லி நாலே முறை, 10 யார்டு, ஒரு டச்டவுன். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கர்லி கையில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்தது. அதற்குப் பிறகு அவரைப் பெஞ்சில்தான் அதிகம் பார்த்தேன். முட்டியா, மனமா, தெரியவில்லை. ஆண்டர்சன் ஆடியதால் கர்லிக்குப் பந்து போகவில்லையா, கர்லியால் முடியாததால் ஆண்டர்சன் ஆடினாரா? மாற்று ஆள் நன்றாக ஆடினால் இந்தக் குழப்பம் இலவச இணைப்பு.

பிப்ரவரி 4

சூப்பர் பவுலில் 13-3 என்று தோற்றுவிட்டோம். எழுதவே கை வரவில்லை.

பேட்ரியட்ஸ் முன்னால் ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, பின்னால் ஒரே ஒரு லைன்பேக்கரை வைத்தார்கள். ஐந்து பேர் ஒரே பக்கம் சரியும் அந்த ஓட்டத்துக்கு ஓரமே இல்லாமல் அடைத்துவிட்டார்கள். சரிந்த மாடுகள் வேலியில் முட்டி நின்றன. கர்லி 10 முறை 35, ஆண்டர்சன் 7 முறை 22. எங்களுக்கு எதிராக ஒரே டச்டவுன் போட்டது யார்? சோனி மிஷெல். 94 யார்டு. ஜார்ஜியா பல்கலையில் கர்லியோடு ஒரே அணியில் ஓடிய பையன்.

ஜனவரியில் பிரித்துக் கணக்குப் போட்டேனே, அதில் முன்வரிசைக்கு நான் கொடுத்த பங்கு போதவில்லை. சந்து இல்லாவிட்டால் கடைசி இரண்டு யார்டு எங்கிருந்து வரும்? முதல் இரண்டே வரவில்லை.

ஏப்ரல்

வேடிக்கையைக் கேளுங்கள். மார்ச்சில் டெட்ராய்ட் லயன்ஸ் நம் மால்கம் பிரவுனுக்கு ஒப்பந்தம் நீட்டியது, ராம்ஸ் அதே தொகை தருகிறோம் என்று தக்கவைத்துக்கொண்டது. கை வெறுமையான லயன்ஸ் ஆண்டர்சனை எடுத்துக்கொண்டது. அதாவது பிளே ஆஃபைத் தூக்கிச் சுமந்தவரை விட்டு, காறையெலும்பில் அடிபட்டவரை வைத்துக்கொண்டார்கள். டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் டாரல் ஹென்டர்சன் என்ற ரன்னிங் பேக் வேறு.

எனக்குக் கோபம்தான். கேட்டவர் மட்டும் "அவர்களுக்கு நம்மைவிடத் தெரியும்" என்றார். நெய் ரோஸ்ட் சாப்பிட்டவருக்கு நிதானம் இருக்கும்.

செப்டம்பர் 17

லயன்ஸ் ஆண்டர்சனை விட்டுவிட்டது. இரண்டே ஆட்டம். 16 முறை, 43 யார்டு.

முதல் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? அரிசோனாவில். டிசம்பரில் 20 முறை 167 யார்டு ஓடிய அதே மைதானம், அதே எதிரணி. இந்த முறை 11 முறை, 35 யார்டு. ஆட்டத்தைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது எட்டில் காலை ஊன்றுகிறார், இடுப்பைத் தாழ்த்துகிறார், தோள் முன்னால் போகிறது. எல்லாம் அப்படியே இருக்கிறது. எதிரே சுவர் இருக்கிறது.

ஜனவரியில் "எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவார்" என்று எழுதியதைத் தேடிக் கிண்டலடிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அதுவும் தப்பு.

டிசம்பர் இறுதி

இந்தப் பக்கம் கொஞ்சம் பழசாகிவிட்டது, ஒரு குறிப்பு மட்டும். சாஃபோல்ட் டென்னசிக்குப் போனார், சல்லிவனை விட்டுவிட்டார்கள். முன்வரிசையில் ஐந்தில் இரண்டு பேர் மாறியதும் கர்லி இந்த சீசன் 857 யார்டில் நின்றார், சராசரி நாலுகூட இல்லை. முட்டியைக் காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள், முன்வரிசையைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 4.5 கோடியைத்தான் யாரும் பேசுவதில்லை.

2020 மார்ச்

கர்லியையும் விட்டுவிட்டார்கள். அந்த ஜெர்சியை மைத்துனனிடம் கொடுத்தேன். அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 25

ஒன்றரை வருடம் கழித்து இந்த இழைக்கு வேலை வந்திருக்கிறது. கேம் ஏக்கர்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்து போனதால் ராம்ஸ் இன்றைக்கு ஒரு மாற்று ரன்னிங் பேக்கை பேட்ரியட்ஸிடமிருந்து வாங்கியிருக்கிறது. சோனி மிஷெல். அதே மிஷெல்.

கேட்டவர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வந்து "இந்த ஆள் தேறுவாரா" என்று கேட்பார், தெரியும். அண்ணே, மெதுவாக வாருங்கள். காலை பத்தரைக்கே எடுத்துவிட்டேன்.